கரைக்கு வராதது குற்றமான கதை

அந்தக் காலத்தில் கொள்ளிடம் முட்ட ஓடும் நாளில் கரையில் எலி வளை அளவுக்குக் கசிவு தெரிந்தாலும் போதும், மண்வெட்டியும் கோணியும் மூங்கில் கழியுமாக ஊர் திரண்டுவிடும். கோடையில் வாய்க்கால் வெட்டுவதும் அப்படித்தான். வீட்டுக்கு ஓர் ஆள் போயாக வேண்டும். வராதவரை ஊர் ஏசும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. குடிமராமத்து என்று இதற்குப் பெயர்.

வராமலிருப்பது சட்டப்படி குற்றமானது 1858இல். சென்னை மாகாணத்துக்கென்று அந்த ஆண்டு போடப்பட்ட 1ஆம் சட்டம், கட்டாய உழைப்புச் சட்டம். அதில் இரண்டு கண்ணிகள். குடிமராமத்து வேலைக்கு வராதவர், தான் செய்திருக்க வேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும். கரை உடையும் ஆபத்தில் அதிகாரி அழைத்தும் வராதவருக்குத் தண்டனை. இந்த அவசர வேலைக்குக் கூலி உண்டு. ஆனால் அதற்கு அழைக்கப்பட வேண்டியவர்கள் உடல் வலுவுள்ள "உழைக்கும் வகுப்பு" ஆண்கள் என்று சட்டமே சொன்னது.

தஞ்சாவூரில் அதற்கு என்ன பொருள்? உடைப்பில் முழுகுவது மிராசுதாரின் நெல். அடைக்க வராவிட்டால் தண்டனை பண்ணையாளுக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சிறு குற்றத்துக்கு ஆளைப் பார்த்துத் தண்டனை கொடுப்பது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் சீர்திருத்தங்களோடு வந்த 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, வசவு, சிறு கைகலப்பு போன்றவற்றை விசாரிக்கும் அதிகாரத்தை ஊர்த் தலைவருக்குக் கொடுத்தது. தண்டனை, சாவடியில் 12 மணி நேரத்துக்கு மிகாத அடைப்பு. குற்றவாளி "கீழ்ச்சாதி" என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி வைக்கலாம். மாடு கட்டும் இடத்துக்கும் நம் மொழியில் தொழு என்றுதான் பெயர்.

இன்று இவற்றின் வாரிசைப் "பெட்டி கேஸ்" என்கிறோம். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை செய்தால் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 24 மணி நேரம் வரை சிறை அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த அபராதம் 1,000 ரூபாய் வரை. இவற்றுக்குப் பதிலாகச் சமூக சேவையும் விதிக்கலாம். 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டுக்கும், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான்.

"பைனைக் கட்டிட்டேன், கேஸ் முடிஞ்சுது" என்று திரும்பும் பையன்களைப் பார்க்கிறேன். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால், தீர்ப்பில் அவன் குற்றவாளிதான். அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அது முன்னால் வந்து நிற்கும். 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்து விடும்படி நீதிபதியிடம் கேட்க வழியுண்டு. அப்படி விட்டால், அந்தத் தீர்ப்போடு வேறு சட்டங்கள் சேர்க்கும் தகுதியிழப்பு ஒட்டாது. ஒத்துக்கொள்வதற்கு முன் இதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

சமூக சேவை என்றால் ஊருக்குப் பயன்படும், கூலியில்லாத வேலை என்பதோடு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நிறுத்திக்கொள்கிறது. என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதை நீதிபதிதான் தீர்மானிக்கிறார். சட்டத்தில் இப்போது சாதி இல்லை. ஆனாலும் ஒருவருக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையும் இன்னொருவருக்குச் சாக்கடை வாரும் வேலையும் போனால், எதை வைத்து அப்படிப் பிரித்தார் என்று உத்தரவிலேயே எழுதியிருக்க வேண்டும்.