பழம் பாரவண்டிகளைப் பேணுதல்: எந்நிலைக்கு மீட்பது?

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது நம் நாட்டு மரபு. குடியிருப்பும் கோயிலும் கடைவீதியும் எழுவான்கரையில் நெருங்கிக் கிடக்க, நெல் விளையும் வட்டைகளோ பெரும்பாலும் படுவான்கரையிற் பரந்து கிடந்தன. ஆதலின் போடியாரின் நெல் வாவியைக் கடந்தே வீடு வந்து சேரவேண்டியதாயிற்று. தோணியும், 'பாதை' என நாம் வழங்கும் மிதவையும், மாட்டுக் கரத்தையும் இப்பணியை நெடுங்காலம் ஆற்றின. 1924ஆம் ஆண்டிலே கல்லடியில் லேடி மனிங் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி, கல்முனை முதலிய ஊர்களை மட்டக்களப்பு நகரோடு இணைக்கும் தெருவிலே மோட்டார் வண்டிகள் வாவித்தடை நீங்கி ஓடலாயின. கரத்தை சுமந்த பாரத்தை மெல்ல மெல்ல லொறி சுமக்கத் தொடங்கியது.

கோயிற் கல்வெட்டையும் கோட்டைச் சுவரையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் நாம், லொறியை அவ்வாறு கொள்வதில்லை. அது துருப்பிடித்தால் இரும்பு விலைக்குப் போகும். அத்துடன் அதன் கதை முடிந்தது. பிற நாடுகளிலோ பழைய பாரவண்டிகளைத் தேடிச் சேர்த்துச் செப்பனிட்டுப் பேணுவோர் பலர் உளர். இங்கிலாந்தில் 1958ஆம் ஆண்டிலேயே வணிக ஊர்திகளைப் பேணுதற்கென ஒரு வரலாற்றுக் கழகம் தோன்றியது. அக்கழகத்தார் 1962 முதல் இலண்டனிலிருந்து பிறைற்றன் வரை பழம் பாரவண்டிகளை ஓட்டிச் செல்லும் பவனியை நடத்தி வந்துள்ளனர். இத்தகைய அன்பர்கள் தம்முள் ஓயாது வழக்காடும் வினா ஒன்றுண்டு. பழுதுற்ற வண்டியை எந்நிலைக்கு மீட்பது? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அன்றைய நிலைக்கா, உழைத்து ஓய்ந்த நாளின் நிலைக்கா? இவ்வினா நம் நாட்டு லொறிகளைப் பொறுத்தவரையில் வேறொரு வடிவம் பெறுகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய லொறியைப் புதுப்பிக்கும் தொழில் பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. முதல் உலகப் போரிலே லேலண்ட் நிறுவனத்தார் பிரித்தானிய விமானப் படைக்கென ஆயிரக்கணக்கான மூன்று தொன் பாரவண்டிகளைச் செய்து கொடுத்தனர். போர் முடிந்ததும் அவை மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. நைந்த வண்டிகள் தெருவில் நின்றுவிடுமாயின் தம் பெயர் கெடும் என அஞ்சிய அந்நிறுவனத்தார், இயன்றவரை அவற்றைத் தாமே திரும்ப வாங்கி, இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹாம் என்னுமிடத்தில் ஒரு தொழிற்சாலையை 1920ஆம் ஆண்டிற் பெற்று, அக்கக்காகக் கழற்றிச் செப்பனிட்டு மறுபடியும் விற்றனர். அதே ஆண்டில் சிலவ் என்னுமூரிற் குவிந்திருந்த படை வண்டிகளையும் அவற்றின் பணிமனையையும் வேறொரு குழுவினர் ஒருங்கே விலைக்கு வாங்கினர். வண்டிகள் விற்றுத் தீர்ந்த பின்னர் அந்நிலமே பெரியதொரு கைத்தொழிற்பேட்டையாயிற்று. இலாபமும் மானமும் கருதியே அன்று பழையன புதுப்பிக்கப்பட்டன.

இரண்டாம் போர் நம் கரையையே தீண்டியது. 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி, திருகோணமலை குண்டுவீச்சுக்கு உள்ளான அதே நாளில், 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இலங்கை படைத்தளமாகியமையால் படை லொறிகளும் பெருகின. அக்காலத்திற் பிரித்தானியாவின் வோக்சோல் நிறுவனம் பெட்போர்ட் என்னும் பெயரில் இரண்டரை இலட்சம் லொறிகளைச் செய்தது. கனடாவிலிருந்தோ எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட படை ஊர்திகள் வெளிவந்தன. போர் ஓய்ந்தபின் எஞ்சியவை தனியார் கைக்கு மாறின. பச்சை வண்ணம் பூசிய படை வண்டி, சிவப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு நெல் ஏற்றும் வண்டியாயிற்று.

பெட்போர்ட்டின் குலமுறையை ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1925இல் வோக்சோலை வாங்கியது. அதன் செவ்ரலே லொறிகள் முதலில் இங்கிலாந்திற் பொருத்தி விற்கப்பட்டன. அவற்றின் வழித்தோன்றலாகவே 1931இல் பெட்போர்ட் பிறந்தது. ஆகவே செவ்ரலேயும் பெட்போர்ட்டும் தாயும் பிள்ளையும் போல்வன. பழைய பட்டறைக்காரர் ஒன்றன் உறுப்பை மற்றொன்றுக்கு இசைவிக்கத் துணிந்தமைக்கு இவ்வுறவும் ஒரு காரணம் போலும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். நம்மவர் வாங்கிய லொறிகளுட் பல தொழிற்சாலையிலிருந்து முழு வண்டியாக வந்தவை அல்ல. இரும்புச் சட்டகம், சில்லுகள், இயந்திரம், அதன் மேல்மூடி, முகப்பு ஆகிய இவ்வளவே கப்பலில் வரும். சாரதி இருக்கும் கூண்டும் பாரம் ஏற்றும் பெட்டியும் இந்நாட்டுத் தச்சனும் கொல்லனும் செய்து கொடுத்தவை. முதிரை போன்ற வைர மரத்தாற் சட்டமிட்டு, பலகை தைத்து, மூலைகளில் இரும்புப் பட்டம் இறுக்கி, மழைக்குப் படங்கு கட்ட வளையங்கள் பொருத்துவர். பள்ளமுந் திட்டியுமான வண்டில் தடங்களில் நெல் மூட்டைகளை ஏற்றிச் செல்லவேண்டியிருந்தமையால், வில்லுத் தகடுகளோடு மேலும் இரண்டொரு தகடு சேர்ப்பர். சட்டகம் வெடித்த இடத்தில் உருக்குத் தகடு வைத்து ஒட்டுவர். பெற்றோல் விலை ஏறியகாலை டீசல் இயந்திரம் மாற்றுவர். இம்மாற்றம் நம் நாட்டுக்கே உரியதன்று. இங்கிலாந்திலும் 1930களின் இறுதி தொட்டுப் பேர்கின்ஸ் நிறுவனத்தாரின் ஆறு உருளை டீசல் இயந்திரம் பெட்போர்ட் முதலிய வண்டிகளிற் பெருவாரியாகப் பொருத்தப்பட்டது.

தொழிற்சாலை நிலைக்கே மீட்கவேண்டும் என்பாரை நோக்கி யான் வினவுவது இது: தொழிற்சாலை அனுப்பியது அரை வண்டியாயின், மற்றை அரையை எந்த ஏட்டைப் பார்த்து மீட்பீர்கள்? தச்சன் செய்த பகுதி பின்னாற் சேர்ந்த ஒட்டு அன்று, அதுவும் மூலமே.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்துத் 'தட்டி வான்'. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே இதன் ஓட்டம் பெயர்பெற்றது. பழைய செவ்ரலே வண்டியின் சட்டகத்தின்மேல் மரத்தாற் கூண்டமைத்து, பக்கங்களைத் திறந்துவிட்டு, பின்புறத்தில் ஒரு தட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பர். தட்டியைக் கிடையாக விரித்தால் மரக்கறிக் கடகங்களும் வாழைக்குலைகளும் அதில் ஏறும். இடம் போதாதபோது ஆட்களும் ஏறுவர். சந்தைக்குச் செல்லும் பெண்களுக்கு அது பஸ்ஸும் லொறியுமாய் விளங்கியது. இத்தகைய ஊர்தியை டிற்றொய்ற்றில் எவரும் வரைந்ததில்லை. சந்தையே அதனை வரைந்தது. இன்று எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் ஒன்றைப் பெற்ற செல்வர் ஒருவர், 'மூலநிலைக்கு மீட்கிறேன்' எனத் தட்டியையும் மரக்கூண்டையும் கழற்றி எறிவாராயின், அவருக்கு எஞ்சுவது அமெரிக்காவில் ஆயிரமாக அகப்படும் ஒரு செவ்ரலே. நமக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை.

பழமை ஓரோவழி உயிர்காத்ததும் உண்டு. 1990இன் பின்னர்ப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிற்று. புதிய வண்டிகள் கொட்டிலில் முடங்க, 1940களிலும் 50களிலும் வந்த ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய பெற்றோல் இயந்திரங்கள் கலவையை மிகுதியாக நெருக்குவதில்லை. ஆதலின் தரங்குறைந்த எண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வாகனம் போனபின்னும் அதன் மணம் ஒழுங்கையில் நிற்கும். இதற்கென வண்டியிற் பொருத்திய சிறு குழாயும் போத்தலுமே அக்காலத்தின் ஆவணங்கள். செப்பனிடுவோர் முதலிற் கழற்றி வீசுவதும் அவற்றையே.

அயல்நாடான பாக்கிஸ்தானிலும் பெட்போர்ட் லொறியே தெருவை நெடுங்காலம் ஆண்டது. அங்குள்ள கைவினைஞர் தலைக்குமேல் உயர்ந்த மரமுகப்பு அமைத்து, மயிலும் மலையும் எழுத்தணியும் தீட்டி, சங்கிலிமணி தொங்கவிட்டு அதனைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். 2002ஆம் ஆண்டில் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திய நாட்டார் விழாவிலே, கராச்சியிலிருந்து வந்த ஹைதர் அலி, ஜமில் உதின் என்னும் இருவர் பெட்போர்ட் லொறியொன்றை மக்கள் முன்னிலையில் அணிசெய்தனர். பெட்போர்ட் லொறி என்பதற்காக அதனை எவரும் காணச் சென்றிலர். கராச்சி கைவைத்த லொறி என்பதற்காகவே சென்றனர். பெட்போர்ட் பாரவண்டி உற்பத்தியை ஜெனரல் மோட்டார்ஸ் 1986இல் நிறுத்தியபின்னும் அக்கைவினை நின்றிலது.

வண்டியின் இலக்கத் தகடும் வரலாறு பேசும். இந்நாட்டிற் பழைய வண்டிகள் சீ-ஈ, ஈ-எல், ஈ-என் முதலிய ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை. 1957 சனவரி முதல் 'ஸ்ரீ' என்னும் சிங்கள எழுத்து வந்தது. அதனையொட்டி எழுந்த கிளர்ச்சியும், 1958ஆம் ஆண்டின் தார்பூச்சும், அதன்பின் நிகழ்ந்தவையும் வாசகர் அறியாதவை அல்ல. பளபளக்கும் புதுத் தகடு அடித்துப் பூட்டுவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

கார் சேகரிப்போர் கொழும்பிற் பலர் உளர். லொறிக்கு அத்தகைய ஆதரவு அரிது. ஐந்து தொன் வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்துதல் எளிதன்று. கலியாண ஊர்வலத்துக்கு அதனை வாடகைக்கு எடுப்பாரும் இலர். பட்டறை முதியவரோ ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். வண்டியைக் காத்தல் இயலாதவிடத்து, அதன் பெட்டியை அளந்து வரைந்து, எவ்வுறுப்பு எப்போது ஏன் மாற்றப்பட்டது எனச் சாரதியிடமும் கொல்லனிடமும் கேட்டெழுதுதலேனும் கூடும். மேல் வகுப்பு மாணவர் ஒரு விடுமுறைக்குள் இதனைச் செய்து முடிக்கலாம். செலவு ஓர் அப்பியாசக் கொப்பியும் ஓர் அளவு நாடாவும்.

எம்மூரில் ஒரு வளவில் வேப்பமரத்தின்கீழ் நெடுநாள் நின்ற பெட்போர்ட் ஒன்றை யான் சிறுவயதில் ஏறி விளையாடியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அது நிறுத்து விற்கப்பட்டது. பின்பலகை மட்டும் இரும்புக்காரருக்கு வேண்டாமையால் எஞ்சி, அவ்வளவிலேயே மாட்டுக் கொட்டிலின் படலாக இருக்கின்றது. அதன் உட்புறத்தில், மூட்டை எண்ணிய கிளீனர் ஆணியாற் கீறிய கோடுகள், ஐந்து ஐந்தாக, பலகை முழுவதும் உள்ளன. சென்ற மாதம் அவற்றை ஒரு தாளிற் படியெடுத்தேன்.