'கோத்' – வசைச்சொல்லில் பிறந்த ஒரு கூட்டத்தின் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் சில படங்கள் அனுப்பினாள். விட்பி என்ற கடற்கரை ஊரில் எடுத்தவை. தலை முதல் கால் வரை கறுப்பு உடை, வெள்ளை பூசிய முகம், கறுப்பு உதட்டுச் சாயம், வெள்ளிச் சங்கிலிகள். இருபது வயதுக்காரர்களும் இருந்தார்கள், என் வயதுக்காரர்களும் இருந்தார்கள். "இவங்களை இங்க கோத்னு சொல்றாங்க டீச்சர். பேயைக் கும்பிடுறவங்களாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தாள். படங்களை நம் குடும்பக் குழுவில் போட்டேன். "நல்ல நாளும் அதுவுமா இதென்ன கறுப்பு?" என்றார் ஒருவர். "பெத்தவங்க கண்டிக்க மாட்டாங்களா?" என்றார் இன்னொருவர். கேள்வி என்று வந்துவிட்டால் முழுப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அது உங்களுக்கே தெரியும்.

முதலில் சின்னப் பதில்: இல்லையம்மா, அவர்கள் பேயைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. கோத் என்பது மதம் அல்ல. ஒரு வகை இசையைச் சுற்றிச் சேர்ந்த கூட்டம். அதில் கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. இனிப் பெரிய பதில்.

பெயரிலிருந்து தொடங்குவோம். கோத் என்பது பழைய ஜெர்மானிய இனக்குழு ஒன்றின் பெயர். அலாரிக் என்ற தலைவனின் கீழ் அவர்கள் கி.பி. 410இல் ரோம் நகரைச் சூறையாடினார்கள். அதனால் ஐரோப்பாவில் 'கோத்' என்றாலே காட்டுமிராண்டி என்று பொருளாகிப் போனது. ஆயிரம் ஆண்டு கழித்து, 16ஆம் நூற்றாண்டில், வசாரி என்ற இத்தாலிய எழுத்தாளர் கூரிய வளைவுகளும் உயர்ந்த கோபுரங்களும் கொண்ட பழைய தேவாலயங்களைப் பார்த்து, 'இந்த அலங்கோலம் எல்லாம் கோத்துகள் செய்த வேலை' என்ற தோரணையில் பழித்தார். அந்தத் தேவாலயங்களுக்கும் உண்மையான கோத் இனத்துக்கும் தொடர்பே கிடையாது. ஆனாலும் 'கோதிக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அதே பாணியை உலகமே விரும்பிக் கட்டியது. சென்னை சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1896இல் கட்டி முடித்த அந்தக் கட்டடமும் புதிய கோதிக் பாணிதான். பழிச்சொல்லாக வந்த பெயர் பெருமைச்சொல்லாக மாறியது அதுவே முதல் தடவை.

அடுத்து அந்தப் பெயர் கதைக்குள் நுழைந்தது. 1764இல் ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் இடிந்த கோட்டை, சாபம், ஆவி எல்லாம் கலந்து ஒரு நாவல் எழுதினார். அதன் இரண்டாம் பதிப்பில் 'கோதிக் கதை' என்றே போட்டுக்கொண்டார். அந்த வழியில் வந்ததுதான் 1897இல் வெளியான பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'. ஸ்டோக்கர் 1890இல் விடுமுறைக்காகத் தங்கிய ஊர் விட்பி. குன்றின்மேல் பாழடைந்த மடாலயம், அதற்கு ஏறிப்போக 199 படிகள், பக்கத்தில் கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டம். இத்தனையையும் அவர் கதைக்குள் கொண்டுவந்தார். 1885இல் அங்கே உண்மையாகவே கரை தட்டிய ஒரு ரஷ்யக் கப்பலும் வேறு பெயரில் கதைக்குள் வந்தது. கதையை நம்பி இன்றும் டிராகுலாவின் கல்லறை எங்கே என்று தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். 'அப்படி ஒரு கல்லறை இங்கே இல்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்' என்கிற பொருளில் தேவாலயத்தில் அறிவிப்பே வைக்க வேண்டியதாயிற்று!

இனி இசைக்கு வருவோம். 1970களின் கடைசியில் பிரிட்டனில் ஆலைகள் வரிசையாக மூடின. 1982 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். படித்து முடித்த பிள்ளைகளுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. அந்த இருட்டில் எழுந்த பங்க் இசை கத்தியது. அதன் பின்னால் வந்த சிலர் கத்துவதை விட்டு, அதே சோகத்தை மெதுவாக, கனமாகப் பாடினார்கள். லண்டனில் சூசி அண்ட் த பேன்ஷீஸ், மான்செஸ்டர் பக்கம் ஜாய் டிவிஷன், கிராலி என்ற ஊரிலிருந்து த கியூர். நார்த்தாம்ப்டன் ஊரின் பௌஹவுஸ் குழு 1979இல், பழைய டிராகுலா படத்தின் நடிகர் பேலா லுகோசியைப் பற்றி ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரு பாட்டை வெளியிட்டது. கோத் இசையின் தொடக்கம் என்று பலரும் காட்டுவது அதைத்தான். 1980இல் லீட்ஸில் த சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்ஸி தொடங்கியது. 1982இல் லண்டன் சோஹோ பகுதியில் 'பேட்கேவ்' என்ற விடுதி திறந்தது. பேட்கேவ் என்றால் வௌவால் குகை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'கோத்' என்ற பெயரை இசைப் பத்திரிகைக்காரர்கள்தான் அதிகம் பரப்பினார்கள். அந்தக் குழுக்களில் பல, 'எங்களை அப்படிச் சொல்லாதீர்கள்' என்று கடைசிவரை மறுத்தன. ஆனால் பாட்டைக் கேட்ட பிள்ளைகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வெளியே இருப்பவர்கள் ஒட்டிய சீட்டை உள்ளே இருப்பவர்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான்.

பேட்கேவ் சில ஆண்டுகளில் மூடியது. மற்ற நாகரிகங்களைப் போல இதுவும் அப்போதே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. ஏன்?

காரணம், சிதறிக் கிடந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டார்கள். ஒரு சின்ன ஊரில் இப்படி உடுத்துபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். அவர்கள் கையால் தயாரித்த சிறு பத்திரிகைகள் வழியாகவும் கடிதம் வழியாகவும் நட்பு வளர்த்தார்கள். பேனா நண்பர்கள்! 1994இல் அப்படிப்பட்ட சுமார் நாற்பது பேனா நண்பர்கள் நேரில் சந்திக்க ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். டிராகுலாவின் ஊரான விட்பி. அதுதான் விட்பி கோத் வாரவிழாவின் தொடக்கம். 1997 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை நடந்தது. நாற்பது பேர் ஆயிரக்கணக்கானவர்கள் ஆனார்கள்.

அந்த ஊரின் பழைய தொழில்களில் ஒன்று 'ஜெட்' என்னும் கருங்கல் நகை. பல கோடி ஆண்டு முன் புதைந்த மரம் இறுகி உண்டான கல் அது. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா அரசி துக்கம் காத்தபோது அதற்குப் பெரிய மவுசு வந்தது, பிறகு விழுந்தது. கறுப்பை விரும்பும் இந்த விருந்தாளிகள் அந்தக் கடைகளுக்கும் வந்தார்கள். விடுதிக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், நகைக் கடைக்காரர் எல்லோருக்கும் அவர்கள் வேண்டியவர்கள் ஆனார்கள்.

பால் ஹாட்கின்சன் என்ற சமூகவியலாளர் இவர்களைப் பற்றி 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரே இந்தக் கூட்டத்தில் ஒருவர். வெறும் உடை மோகம் என்று இதை ஒதுக்க முடியாது என்பது அவர் காட்டியது. தங்களுக்கென்று கடை, பத்திரிகை, இசை நிகழ்ச்சி, நட்பு வட்டம் என்று வைத்துக்கொண்டு, அதற்காக நேரமும் பணமும் செலவழித்து, நெடுந்தூரம் பயணம் செய்து சந்திக்கிறார்கள். நாம் குலதெய்வக் கோயில் கொடைக்கு எங்கிருந்தாலும் வந்து சேர்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் குலம் கிடையாது. பாட்டுதான் உறவு.

இனி, மனம் கனக்கும் பகுதி.

2007 ஆகஸ்ட் 11 அதிகாலை. லங்காஷயரில் பேக்கப் என்ற ஊரின் பூங்கா வழியாக சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண் தன் காதலனோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். இருவரும் கோத் உடையில் இருந்தார்கள். பதின்வயதுப் பையன்கள் சிலர் முதலில் அந்த இளைஞனை அடித்து வீழ்த்தினார்கள். சோஃபி அவன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். அவளையும் தலையில் மிதித்தார்கள். அவன் பிழைத்தான். அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை. ஆகஸ்ட் 24 அன்று இறந்துபோனாள். ஐந்து பையன்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் இருவர்மீது கொலைக் குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை கிடைத்தது. வேறு பகையோ திருட்டோ இல்லை. வேறு மாதிரி உடுத்தியிருந்தார்கள் என்பதற்காகத் தாக்கப்பட்டார்கள். தீர்ப்பில் நீதிபதி இதை வெறுப்புக் குற்றம் என்றே சொன்னார்.

சோஃபியின் தாய் சில்வியா லங்காஸ்டர் மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது பள்ளிகளுக்குப் போய், தோற்றத்தை வைத்து ஒருவரை வெறுப்பது தவறு என்று பிள்ளைகளோடு உரையாடியது. வகுப்பறையில் ஆயுளைக் கழித்த எனக்கு அந்த அம்மாவை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. மகளைக் கொன்றவர்கள் பள்ளி வயதுப் பையன்கள். அவர் தேடிப் போனதும் பள்ளிப் பிள்ளைகளைத்தான். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, இப்படிப்பட்ட மாற்றுக் கலாசாரத்தினர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. பிரிட்டனில் அதுவே முதல் முறை. வேறு சில காவல்துறைகளும் பின்தொடர்ந்தன. சில்வியா அம்மா 2022இல் காலமானார். விட்பியில் கடலைப் பார்த்தபடி சோஃபி நினைவாக ஒரு பெஞ்சு இருக்கிறது.

இந்தக் கூட்டத்தின் எதிர்காலம் என்ன? இரண்டு கவலைகள் அவர்களுக்குள்ளேயே இருக்கின்றன. விழா புகழ்பெற்றதும் வேடிக்கை பார்ப்பவர்களும் புகைப்படக்காரர்களும் வெறும் மாறுவேடம் போட்டு வருபவர்களும் குவிந்தார்கள். கல்லறைகள்மேல் சாய்ந்து படம் எடுத்தது ஊர்க்காரர்களுக்கும் வருத்தம், பழைய கோத்துகளுக்கும் வருத்தம். 'இது எங்கள் சந்திப்பா, இல்லை ஊர்த் திருவிழாவா?' என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவது, வயது. 1994இல் இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேலைக்கு அடக்கமான உடையும் விழாவுக்குப் பழைய உடையுமாகச் சமாளிக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிவருகிறார்கள். 2022இல் 'வெட்னஸ்டே' தொடர் வந்தபின் புதிய பிள்ளைகள் பலர் கைப்பேசி வழியாக இந்தத் தோற்றத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பழையவர்கள் 'பாட்டைக் கேட்டாயா?' என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால் கூட்டம் அவர்களோடு முடிந்துவிடும். அவர்களுக்கும் அன்று யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டுத்தானே இருப்பார்?

கறுப்பைப் பற்றிக் குழுவில் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பு நம் ஊரிலும் ஒரே பொருள் சொல்வதில்லை. பெரியார் தொண்டரின் கருஞ்சட்டை ஒன்று சொல்கிறது. மாலை போட்ட ஐயப்ப பக்தரின் கறுப்பு வேட்டி வேறொன்று சொல்கிறது. வக்கீலின் கறுப்புக் கோட்டு இன்னொன்று. நாம் யாரையும் நிறுத்தி விளக்கம் கேட்பதில்லை, ஏனென்றால் நமக்கு அவர்களைத் தெரியும். தெரியாதவரைப் பார்க்கும்போதுதான் பயமும் கேலியும் வருகின்றன. பேக்கப் பூங்காவில் அது உயிரையே எடுத்தது.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் ஒரு பிள்ளை தலைமுடியை வேறு மாதிரி வெட்டி, வேறு மாதிரி உடுத்தி வந்தால், எடுத்தவுடன் 'இதென்ன கோலம்?' என்று கேட்காதீர்கள். 'என்ன பாட்டு கேட்கிறாய்? யாரோடு கேட்கிறாய்?' என்று கேளுங்கள். பதில் புரியாவிட்டாலும் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். பள்ளியில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு இதைக் கூடுதலாகவே சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால், பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள். போர்ஷன் ஒரு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது.

படித்தவர்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களோடு பழகியிருந்தால் அதையும் எழுதுங்கள், எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்