சொல் விளக்கம்: ஆள்

வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பில் 'மனிதவள மேலாண்மை' ஒரு பாடம். 'மனிதவளம்' மொழிபெயர்ப்பில் பிறந்த சொல். நம்மிடம் முன்பே இருந்தது 'ஆள்'. வினையாக வந்தால் அது ஆட்சி செய்வது, கையாள்வது. பெயராக வந்தால் மனிதர், வேலை செய்பவர். திருக்குறளின் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் 'ஆள்வினை' என்றால் முயற்சி. மேலாளர், தொழிலாளர் இருவர் பெயரிலும் அதே ஆள்தான்: தொழிலாளர் என்றால் தொழிலை ஆள்பவர். வளம் அப்படியல்ல. மண்வளம், கனிமவளம் எல்லாம் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்துபவை. தாமாக எதுவும் கேட்பதில்லை.

வளம் என்றால் செல்வம், அதுவும் மதிப்புத்தானே எனலாம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880இல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் வந்தபின் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், சுரங்கத்தில் இறங்கினார்கள். தங்கத்துக்கு அங்கே மதிப்பு இருந்தது, தோண்டியவருக்குக் கூலிதான். ஆனால் 1930இல் ஒவ்வொருவர் கைரேகையையும் பதிய நிர்வாகம் முனைந்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கனிமம் மறுக்காது, ஆள் மறுப்பார். நிறுவன நடத்தை படிக்கும் மாணவர் தொடங்கவேண்டிய இடம் இது. 'கூலியாள்', 'அடியாள்' என்று இந்தச் சொல்லும் தாழ்ந்திருக்கிறதே என்பது நியாயமான கேள்வி. தாழ்த்தியது முன்னே ஒட்டிய சொல், ஆள் அல்ல.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து பலர் இன்றும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.