செம்மண் மேட்டில் மழை அரிப்பு

செம்மண் மேடு என்பது புதுச்சேரி நகருக்கு வடக்கிலும் வடமேற்கிலும், கோரிமேடு, இலாசுப்பேட்டை, காலாப்பட்டு முதல் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் வரை பரந்த மேட்டுநிலம். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் ‘செம்மலைகள்’ என்று அழைத்தனர். மேட்டிலுள்ள பன்னாட்டுக் குடியிருப்பான ஆரோவில் பகுதியில் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 50 மீட்டர் உயரமே கொண்டது. ஆயினும் மழையால் மண் அரிக்கப்படுவதை முழுமையாகக் கண்டறிய இதைவிடத் தெளிவான களம் இக்கடற்கரையில் இல்லை.

நிலவியல்

மேட்டின் அடித்தளம் கடலூர் மணற்கல். இதே பாறைத் தொகுதியிலுள்ள திருவக்கரையின் கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையறிஞர் பியர் சொன்னெரா 1781இல் பதிவுசெய்தார். மணற்கல்லின் மேல் படிந்துள்ள, இரும்பு ஆக்சைடு கலந்த செம்மண்ணில் மட்கு குறைவு. அதனால் மண்ணுருண்டைகள் நனைந்ததும் எளிதில் உடைகின்றன.

அரிப்பு நிகழும் முறை

புதுச்சேரியின் ஆண்டு மழை சுமார் 1,300 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகவும் புயல் மழையாகவும் கொட்டுகிறது. 5 மி.மீ. விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். ஓடும் நீர்தான் மண்ணை அரிக்கிறது என்ற பழைய கருத்தை, 1940களில் அமெரிக்க ஆய்வாளர் எல்லிசனின் சோதனைகள் மாற்றின: மண்ணைப் பெயர்ப்பது முதலில் துளியே, ஓடும் நீர் அதைச் சுமந்து செல்கிறது.

வகைகள்

தெறிப்பு அரிப்பு: துளியின் அடியால் துகள்கள் சிதறுகின்றன. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்க, மேற்பரப்பில் ஓடு போன்ற இறுக்கம் உண்டாகிறது. அதன்பின் நீர் உள்ளே இறங்காமல் வழிகிறது.

பரப்பு அரிப்பு: வழியும் நீர் வளமான மேல்மண்ணைச் சீராக உரித்துச் செல்லும். கண்ணுக்குத் தெரியாததால் உழவர் தாமதமாகவே உணர்கின்றனர்.

சிற்றோடை அரிப்பு: நீர் ஒன்றுகூடி விரற்கடை ஆழமுள்ள கோடுகளை இடுகிறது. உழுதால் இவை மறையும், ஆனால் அடுத்த மழையில் திரும்பும்.

நீர்ப்பள்ள அரிப்பு: கோடுகள் ஆழ்ந்து, உழவால் நிரப்ப முடியாத பள்ளங்களாகின்றன. பள்ளத்தின் தலைப்பகுதி சரிந்து மேட்டை நோக்கிப் பின்வாங்குகிறது. பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண் பள்ளத்தாக்குகள் இவ்வகையே. பெருமழை நாட்களில் இவற்றின் வழியே செந்நீர் வங்கக்கடலில் கலக்கும்.

அரிப்பின் அளவைக் கணிக்க, 1965இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் வெளியிட்ட மண்ணிழப்புச் சமன்பாடு ஐந்து காரணிகளைப் பெருக்குகிறது: மழையின் வலிமை, மண்ணின் அரிபடு தன்மை, சரிவு, பயிர்மூடல், காப்புமுறை. செம்மண் மேட்டில் சரிவு மிதமானது. எனவே இங்கே அழிவை வரவழைத்ததில் தாவர மூடலின்மைக்குப் பெரும் பங்கு உண்டு.

வரலாறு

இப்பகுதியின் இயற்கைத் தாவரம் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. மரம் வெட்டியதும் மேய்ச்சலும் அதை அழித்தன. கோயிற்காடுகளில் மட்டும் சிறு துண்டுகள் எஞ்சின. நிலம் பாழானதற்குக் கடுவெளிச் சித்தரின் சாபமே காரணம் என்று இரும்பை ஊரில் கதை வழங்குகிறது. உண்மையான காரணம் கோடரியும் மேய்ச்சலும்தான்.

1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது மேடு பெரும்பாலும் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. குடியேறியவர்களும் சுற்றுப்புறக் கிராம மக்களும் முதலில் சரிவுக்குக் குறுக்கே வரப்புகளை எழுப்பினர், பள்ளங்களில் தடுப்பணை கட்டினர், குளங்கள் வெட்டினர். மழைநீர் விழுந்த இடத்திலேயே நின்று ஊறியது. பின்னர் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களின் நிழலில் உள்நாட்டு மரக்கன்றுகளை வளர்த்தனர். கிளைகளும் சருகு மூடாக்கும் துளியின் வேகத்தைத் தாங்க, வேர்கள் மண்ணைப் பிணைத்தன. பாழ்நிலத்தை மக்களின் கைகளாலேயே மீட்கமுடியும் என்பதற்கு இந்தியாவில் இது உயர்ந்த சான்று.

இன்றைய நிலை

2021இல் ஆரோவிலில் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024 நவம்பர் 30இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. இத்தகைய மழைக்கு முன் மேட்டின் மண் மரமூடலையும் வரப்புகளையும் நம்பியே நிற்கிறது.