மலையகத்தின் சுவடுகள் – 14: மடக்கும்புரத் தோட்டம்

தலவாக்கலையை அடுத்த ரயில் நிலையம் வட்டகொடை. அங்கிருந்து தேயிலைக்குள் ஏறினால் மடக்கும்புரத் தோட்டம். பிரான்ஸில் இதைவிடச் சின்னக் கிராமத்து உழவர்கூட, தேவாலயப் பதிவேட்டைப் புரட்டித் தன் பாட்டனுக்குப் பாட்டன் ஞானஸ்நானம் பெற்ற நாளைக் கண்டுபிடித்துவிடுவார். நம் சனங்களின் பெயரைத் தோட்டம் எழுதிவைத்தது செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில். எத்தனை நாள் பேர், எவ்வளவு பற்று என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கும்?

இந்தியாவிலிருந்து மன்னாரில் வந்திறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்து வந்தவர்கள் முதலில் கோப்பிக்காகத்தான் வந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழிந்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. பயிர் மாறியும் துண்டு முறை மாறவில்லை. இன்ன கடனை அடைத்தால் ஆளை விடலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள்.

இந்தத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. பெரிய கங்காணி வீட்டுப் பேரன். 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தங்கள் பிரதிநிதி சபையில் இருக்கும்போதே, அவரைத் தெரிந்தெடுத்தவர்கள் நாடற்றவர்களாயினர். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாத இடம் இது.

இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. முன்னோர் நடந்து வந்த மன்னார்ப் பக்கமாகவே பேரப்பிள்ளைகளை ரயில் கொண்டுபோய்த் தலைமன்னாரில் இறக்கியது. வழியனுப்ப வந்தவர்கள் கதறிய கதறலில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் விழுந்தது.

சி.வி. செய்த பெரிய காரியமாக நான் கருதுவது, சனங்களின் வாய்ப்பாட்டை அவர் கேட்டு எழுதியதைத்தான். கங்காணியின் கொடுமையைச் சொல்லும் பாட்டையும் கங்காணி வீட்டுப் பேரனே பதிந்துவைத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று; மறு ஆண்டு அவர் காலமானார்.

மலையகத்துப் பாட்டொன்றில், அண்ணனைப் பறிகொடுத்த மலையைத் தங்கை ஒருத்தி கைகாட்டுகிறாள். அது கோப்பிக்கன்று போட்ட மலை. கன்று பட்டுப்போய் நூறாண்டுக்கு மேலாகிறது. பாட்டில் அவள் இன்னும் அந்த மலையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறாள்.