தோட்டத்து முதியோர் கல்வியும் அச்சேடுகளும்: கம்போங் ராஜாவை முன்வைத்து

மலாயாத் தோட்டத் தமிழரின் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களைப் பள்ளி நடத்துமாறு பணித்தது சிறாருக்காகவே. அச்சிறாரின் பெற்றோர் எவ்வழியில் கற்றனர் என்னும் வினா இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

கேமரன் மலையின் வடபகுதியிலுள்ள கம்போங் ராஜாவை எடுத்துக்கொள்வோம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இம்மலைப்பகுதி தேயிலை நாடாயிற்று. கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலி தோட்டமும் தமிழர் உழைப்பில் வளர்ந்ததே. கொழுந்தை நிறுத்துக் கூலி பெறும் இடத்தில் எண்ணறிவு ஏட்டுக் கல்வியன்று. தராசு காட்டிய எடையும் கிராணியார் செக்ரோலில் பதிந்த எடையும் ஒன்றா என அறிய அதுவே துணை. முதியோர் கற்க விழைவது இத்தகைய தேவையினால்தான். அரிச்சுவடியின் வரிசைமுறை அவர்களை ஈர்ப்பதில்லை.

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு ஒரு காசு விலையில் வெளிவந்தது. தோட்டங்களில் நாளேடு தனியொருவர் வாசிப்புக்கு உரியதாக இருக்கவில்லை; ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்டனர், வினவினர், மறுத்தனர். எழுத்தறியாதவரும் இவ்வாறு அச்சின் மாணவராயினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ இவர்களைக் கல்லாதோர் என்றே பதிந்தது. அப்புள்ளிவிவரத்தை அப்படியே ஏற்கும் ஆய்வாளர், இக்கேள்விக் கல்வியை முற்றாக இழந்துவிடுகின்றனர்.

1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' வேறொரு படிநிலையைக் காட்டுகிறது. நாளேடே வகுப்பறையாயிற்று, சிறுகதை எழுதும் முறை அச்சுவழியே பயிற்றுவிக்கப்பட்டது. ஆயினும் அது முன்னரே எழுதப் படிக்க அறிந்தோர்க்கான வகுப்பு. கொழுந்து கிள்ளிய பெண்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர் எனக் கருத இடமுண்டு. மாலையில் ஏடு வாசிக்கப்படும் நேரம் அவர்களுக்குச் சமையல் நேரமுமாகும். இலக்கிய வரலாற்றாசிரியர் கதை வகுப்புக்குத் தரும் இடத்தில் சிறுபகுதியையேனும், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் 'சங்கமணி' ஏட்டிற்குத் தருதல் தகும். தொழிலாளர் தம் கூலியையும் உரிமையையும் பற்றித் தமிழில் படித்தறிய வாய்ப்பளித்த ஏடு அது.

இன்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாட்டினர் பலர் பணிபுரிகின்றனர். கூலிக் கணக்கைத் தம் மொழியில் படித்தறியும் தேவை இப்போது அவர்களுடையது.