வாரம் ஒரு முன்னோர்

மன்னர் குலமுறையைக் கல்வெட்டும் செப்பேடும் நமக்குக் காட்டுகின்றன. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைச் சூரியனிலிருந்தே தொடங்கி முதலாம் இராசேந்திரன் வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. அத்தகைய செப்பேடு நம் போன்ற எளிய குடும்பங்களுக்கு ஏது? இந்த நாக்பூர் நகரில் பிறந்து வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவனை அழைத்து, “உன் பாட்டனாரின் தந்தை பெயர் யாது? அவர் எவ்வூரினர்?” என்று வினவிப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாக வரும். சிறுவனைக் குறை கூறுவானேன்? அவன் தந்தையைக் கேட்டாலும் அதே மௌனந்தான்.

அமெரிக்க நாட்டில் 2014-ஆம் ஆண்டு முதல் ஒரு நல்வழக்கம் பரவியிருக்கிறது. 52 வாரங்களில் 52 முன்னோரைப் பற்றி, வாரத்திற்கு ஒருவராக, தமக்குத் தெரிந்ததை எழுதி வருவதே அது. குடும்ப வரலாறு முழுவதையும் எழுதப் புகுபவன் முதல் அத்தியாயத்திலேயே சோர்ந்துவிடுவான். வாரம் ஒரு பக்கம் என்றால், நாள் முழுதும் சரக்கு ரசீது எழுதிக் களைத்த கையாலும் இயலும். சென்ற தைத் திங்கள் முதல் ஞாயிறுதோறும் யான் இதனைச் செய்து வருகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர், பூட்டன் பூட்டியர் எண்மர், அதற்கு மேல் 16, அதற்கும் மேல் 32 என ஐந்து தலைமுறை ஏறினால் 62 பேர் ஆகின்றனர். ஓராண்டு போதாது என்று தோன்றும். ஆனால் நம்மவருள் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் உண்டல்லவா? பெற்றோர் அவ்வாறு மணந்தவராயின், பிள்ளைக்குப் பூட்டன் பூட்டியர் எண்மர் அல்லர், அறுவரே. உறவுக்குள் கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பங்களில் ஒரே கிழவர் இரண்டு கிளைகளில் வந்து உட்கார்ந்திருப்பார்!

அடுத்த இடர்ப்பாடு ஆண்டுக் கணக்கு. நம் முன்னோர் பிரபவ முதலிய அறுபது ஆண்டுப் பெயர்களால் காலத்தைக் குறித்தனர். என் பாட்டனாரின் சாதக ஓலை ‘இராட்சச வருஷம்’ என்கிறது. அது 1855 ஆகலாம், 1915 ஆகலாம், 1975-உம் ஆகலாம். அவர் நாற்பதுகளில் ரயில்வேயில் வேலை பார்த்தவராதலின் 1915 ஒன்றே பொருந்தும். அவருடைய ஸர்வீஸ் புத்தகமோ 1917 என்கிறது. பிறப்பைப் பதிந்த தாள் இல்லாத காலத்தில் ஒரு தேதியைச் சொல்லி வேலையில் சேர்ந்தவர் பலர். யான் ஓலையையே நம்புகிறேன்.

அவர் தந்தையார் பிறந்த ஆண்டுக்கு ஓலையும் இல்லை. “தாது வருஷப் பஞ்சத்திலே கைக்குழந்தை” என்னும் வீட்டுப் பேச்சு ஒன்றே எஞ்சியது. அதுவே போதும். தாது வருஷம் 1876. அன்று தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் எங்கள் வட ஆர்க்காட்டுப் பகுதியும் சிக்கியது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டினார்கள். அக்கொடுமையில் பிழைத்த ஒரு கைக்குழந்தையின் வழியில் வந்தோம் என்று எழுதியபோது என் பேனா சற்றே நின்றது உண்மை.

நிற்க. ஆண்களைத் தேடுவது எளிது. பத்திரத்தில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று இருக்கும். ‘பேரன்’ என்னும் சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். கந்தசாமி மகன் இராமசாமி, இராமசாமி மகன் கந்தசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். எந்தக் கந்தசாமி என்று குழம்பினாலும் வழி தப்பாது. பெண்கள் செய்தி அப்படியன்று. தாது வருஷக் குழந்தையாகிய என் பூட்டனாரை மணந்த அம்மையாரின் பெயர் எவர்க்கும் தெரியவில்லை. என் பெரிய அத்தைக்கு இப்போது 86 வயது. அந்த அம்மையார் அவர்க்குத் தந்தையைப் பெற்ற பாட்டி. அவரைக் கேட்டேன். “ஊரார் செங்கத்தாள் என்பார்கள். எங்கம்மா அத்தை என்பாள். பேர் யார் சொன்னார்கள்?” என்றார். செங்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பது மட்டும் தெரிந்தது. அந்த வாரம் அவ்வளவே எழுதினேன்.

மூன்று வாரம் கழிந்து, பாட்டனாரின் தகரப் பெட்டியில் 1921-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. பிறந்த வீட்டார் கொடுத்த நிலத்தை அந்த அம்மையார் விற்றிருக்கிறார். நான்கெல்லை விவரத்திற்குக் கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. அதனருகே எழுதியவர் கையால் அவருடைய பெயர். அதனை உரக்கப் படித்தேன். அத்தை நிமிர்ந்து, “அது என் பேராயிற்றே!” என்றார்.

உண்மைதான். பள்ளிச் சான்றிலும் குடும்ப அட்டையிலும் அவர் பெயர் அதுவே. ஆனால் வீட்டில் அனைவரும் அவரைப் ‘பாப்பா’ என்றே அழைத்து வந்தனர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பது அக்கால மரபு. மாமியார் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லி வைவதெப்படி, அடிப்பதெப்படி? ஆதலால் செல்லப்பெயர் ஒன்று முளைத்துவிடும். “எங்கம்மா ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதல்லவா காரணம் தெரிகிறது” என்று கூறிவிட்டு அத்தை நெடுநேரம் பேசவில்லை. பத்திரத்தை வாங்கி அந்த ரேகையின் மேல் தம் விரலை வைத்துப் பார்த்தார்.

இங்கிலாந்தில் மக்கள் தொகைக் கணக்கின் வீட்டுத் தாள்களைப் பாதுகாத்து நூறாண்டு கழித்துத் திறக்கின்றனர். 1921-ஆம் ஆண்டுத் தாள்களை 2022-இல் திறந்தார்கள். நம் நாட்டில் தொகை மட்டுமே நின்றது, தாள்கள் நிற்கவில்லை. ஆகவே வீட்டுப் பெட்டியும் சார்பதிவாளர் அலுவலகமுமே நமக்குக் கதி. சர்வே எண்ணும் ஆண்டும் தெரிந்தால் பத்திர நகல் பெறலாம். ரயில்வே குடும்பத்தினர் சேமநிதி நியமனத் தாளை மறவாமல் பார்க்க வேண்டும். பாட்டியின் பெயர் முதன்முதலாகச் சர்க்கார் காகிதத்தில் ஏறியது பல வீடுகளில் அதிலேதான். பெட்டியைத் திறப்பதில் அவசரமும் உண்டு. என் மகள் இந்தியும் மராத்தியும் தடையின்றிப் படிக்கிறாள். தமிழ்க் கையெழுத்தை அவளால் படிக்க இயலவில்லை. யான் படித்துச் சொல்லாத கடிதம் எங்கள் வீட்டில் நாளைக்குப் பழைய காகிதக்காரனுக்கே போகும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் யான் தமிழில் எழுத, அவள் எதிர்ப்பக்கத்தில் இந்தியில் எழுதி வருகிறாள்.

இதுவரை 31 பக்கங்கள் முடிந்தன. இனித் தாய்வழி. 1929-இல் காசிப்பேட்டை–பல்லார்ஷா இருப்புப்பாதை முடிந்து சென்னைக்கும் தில்லிக்கும் நேர் வழி ஏற்பட்ட பின் வந்தவர் என் பாட்டனார். தாய்வழியினரோ ரயிலுக்கும் முந்தியவர்கள். 1817 நவம்பரில் நம் ஸ்டேஷனுக்கு அருகேயுள்ள சீதாபர்டி மலையில் போன்ஸ்லே படையை எதிர்த்து நின்றவை சென்னை மாகாணக் காலாட்படைகள். 1821-இல் காம்ட்டியில் பாளையம் அமைந்தபின், குடும்பத்தோடு வந்து தங்கிய சென்னைப் படையினரின் வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். என் தாயைப் பெற்ற பாட்டியார் அங்கே பிறந்தவர். அவர்க்கு மேல் ஒரு பெயரும் எனக்குக் கிட்டவில்லை.

காம்ட்டியில் நெடுங்காலமாக வாழும் அன்பர் எவரிடமேனும் சென்னைப் படையைச் சேர்ந்த பென்ஷன் காகிதமோ, படையிலிருந்து விடுவித்த சான்றோ, பழைய திருமண அழைப்போ இருக்குமாயின், சங்கச் செயலாளர் வழியாக எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவேன்.